களத்தை விட்டு இறங்காத இருவர்: நைனர்ஸ் ரசிகர்கள் லைன்பேக்கர்களைக் கொண்டாடுவது ஏன்?

2019 டிசம்பர் 29, சியாட்டில் மைதானம். அமெரிக்கக் கால்பந்து லீக்கின் வழக்கமான சீசனில் கடைசி ஆட்டம். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் 26, சியாட்டில் சீஹாக்ஸ் 21. அரை நிமிடம்கூட மிச்சமில்லை. பந்து சீஹாக்ஸ் கையில். தாண்டினால் புள்ளி கிடைக்கிற கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தூரம். ஜெயிக்கிற அணிக்குப் பிரிவின் பட்டமும், சீசனுக்குப் பிறகு வரும் பிளே ஆஃப் என்கிற நாக்அவுட் ஆட்டங்களில் நல்ல இடமும் கிடைக்கும். தோற்கிற அணி ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும்.

முதல் முயற்சியில் கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தைத் தரையில் அடித்தார்கள். அடுத்து, ஓய்விலிருந்து திரும்பி வந்திருந்த ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்சை உள்ளே அனுப்புவதில் குழப்பம். நேரம் கடந்துபோய் 5 யார்டு அபராதம். இரண்டாவது பாஸ் வீண். மூன்றாவது பாஸ், கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஸோனுக்குள் ஜேக்கப் ஹாலிஸ்டரை நோக்கி வந்தது. அவரோடு ஒட்டிக்கொண்டு நின்றவர் ஃபிரெட் வார்னர், வயது 23. பந்து கீழே விழுந்தது. வார்னர் கை வைத்தது ஃபவுல் என்று சியாட்டில் ரசிகர்கள் அன்று கொதித்தார்கள். அந்த ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நான்காவது, கடைசி முயற்சி. ரஸ்ஸல் வில்சன் மறுபடி ஹாலிஸ்டருக்கே எறிந்தார். அவர் பிடித்தும்விட்டார். கோட்டை நோக்கித் திரும்பிய அந்த நொடியில் டிரே கிரீன்லா, வயது 22, பாய்ந்து வந்து தோளால் முட்டி, அவரை முன்னால் விழவிடாமல் அப்படியே நிறுத்திச் சாய்த்தார். ரீப்ளேயில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பந்து கோட்டைத் தொடவில்லை. சில அங்குலம் குறைந்தது.

இந்த இரண்டு தடுப்புகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒன்று, ஓடுகிற ஆளோடு கூடவே ஓடி, காற்றில் வருகிற பந்தைக் கெடுப்பது. இன்னொன்று, நின்று மோதி ஆளைச் சாய்ப்பது. முதலாவது சேஃப்டி என்கிற பின்வரிசை ஆட்டக்காரரின் வேலை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இரண்டாவதுதான் பழைய லைன்பேக்கரின் வேலை. வார்னர், கிரீன்லா இருவருமே லைன்பேக்கர்கள். இருவருக்கும் இரண்டும் வரும். இந்த அணியின் ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாக இவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதற்கு அதுதான் காரணம். அந்தக் கொண்டாட்டம் வெறும் ரசிக உணர்ச்சி இல்லை, ஆட்டத்தின் ஒரு நுட்பத்தைச் சரியாகப் பிடித்த பாராட்டு என்பது என் எண்ணம். அதை விளக்க, லைன்பேக்கர் என்பவர் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். முன்னேற வழிகள் இரண்டு: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது, அல்லது முன்னால் ஓடுகிற ஆளுக்கு எறிவது. தடுக்கும் அணியின் 11 பேரில் முன்வரிசையில் நிற்கும் மூன்று நான்கு பேர் மலைபோல இருப்பார்கள். எதிரணியின் சுவரை உடைப்பது அவர்கள் பாடு. பின்வரிசையில் நிற்பவர்கள் மெலிந்தவர்கள், வேகமானவர்கள்; எறியப்படும் பந்தைத் தடுப்பது அவர்கள் பாடு. இரண்டுக்கும் நடுவே, பந்து கிளம்புகிற கோட்டிலிருந்து நான்கைந்து யார்டு தள்ளி நிற்பவர்தான் லைன்பேக்கர். ஓட்டம் வந்தால் முன்னால் பாய வேண்டும். பாஸ் வந்தால் பின்னால் போக வேண்டும். எது வரப்போகிறது என்பது பந்து நகர்ந்த பிறகுதான் தெரியும். அதுவும் முழுசாகத் தெரியாது.

அவருக்குக் கிடைக்கிற அவகாசம் ஒரு நொடிக்கும் குறைவு. அதனால் நல்ல லைன்பேக்கர் பந்தைப் பார்ப்பதில்லை, எதிரே இருக்கும் கார்டு என்கிற தடிமனான ஆட்டக்காரரைப் பார்க்கிறார். கார்டு குனிந்து கையைத் தரையில் ஊன்றியிருப்பார். ஊன்றிய விரல் நுனி வெளுத்திருந்தால் எடை முழுக்க முன்னால் இருக்கிறது, ஓட்டம் வரலாம். விரல் லேசாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நகரப் போகிறார், பாஸ் வரலாம். பந்து நகர்ந்ததும் அந்த கார்டின் ஹெல்மெட் தாழ்வாகவே முன்னால் வந்தால் ஓட்டம். மேலே எழும்பினால் பாஸ். பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லித் தருகிற பாலபாடம் இது. இந்த அடையாளங்களையே பொய்யாகக் காட்டி லைன்பேக்கரை ஏமாற்றுவதுதான் தாக்கும் பயிற்சியாளர்களின் தொழில். ஓடுவதுபோலப் பாவனை காட்டி எறிகிற 'பிளே ஆக்‌ஷன்' இதற்கென்றே பிறந்தது. லைன்பேக்கர் இரண்டு அடி முன்னால் வைத்தால் போதும், அவருக்குப் பின்னால் ஒரு வாசல் திறந்துவிடும். பந்து அந்த வாசல் வழியாகப் போகும்.

ஒரு காலத்தில் இது இத்தனை சிக்கலாக இல்லை. அணிகள் நிறைய ஓடின. கனத்த லைன்பேக்கர்கள் நடுவில் நின்று வருகிறவர்களை அடித்துச் சாய்த்தார்கள். 1978-ல் பாஸ் ஆட்டத்துக்குச் சாதகமாக விதிகள் மாறின. 2004-ல், பந்து பிடிக்க ஓடுகிற ரிசீவர்களை வழியில் தொடக்கூடாது என்ற விதியைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள். எறிவது லாபமான தொழிலாகிவிட்டது. அதற்கு மாற்றாகத் தடுக்கும் அணிகள் ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு பின்வரிசை ஆளை இறக்கின. 'நிக்கல்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். இன்று அணிகள் பாதிக்கும் மேற்பட்ட நேரம் நிக்கலில்தான் ஆடுகின்றன. ஆக, களத்தில் மூன்று லைன்பேக்கர்களுக்கு இருந்த இடம் இரண்டாகச் சுருங்கியது. அந்த இரண்டு பேர்தான் பழைய மூன்று பேரின் வேலையையும் செய்ய வேண்டும்.

ஆள் மாற்றுவது இந்த ஆட்டத்தில் ஓர் ஆயுதம். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். தாக்கும் அணி, மோதவும் பந்து பிடிக்கவும் தெரிந்த டைட் எண்ட் என்கிற கனத்த ஆட்கள் இரண்டு பேரை இறக்கினால், "ஓடப் போகிறார்கள்" என்று தடுக்கும் அணியும் கனத்த ஆட்களை இறக்கும். உடனே அந்த டைட் எண்ட்கள் ஓரமாகப் போய் ரிசீவர்போல நின்றால்? கனத்த லைன்பேக்கர் வெட்டவெளியில் தனியாக மாட்டிக்கொள்வார். மெலிந்த ஆட்களை இறக்கினாலோ, நெஞ்சுக்கு நேராக ஓடியே தள்ளிக்கொண்டு போவார்கள். எதை இறக்கினாலும் தப்பு என்ற நிலைக்குத் தள்ளுவதுதான் நோக்கம். இதற்கு ஒரே பதில், எதற்கும் மாற்ற வேண்டிய தேவையே இல்லாத ஆள். ஓட்டத்தையும் தடுப்பார், டைட் எண்டோடும் ஓடுவார், தேவைப்பட்டால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் மீதும் பாய்வார். முதல் முயற்சியிலிருந்து கடைசிவரை களத்தில் இருப்பார். ரசிகர்கள் 'த்ரீ டவுன் லைன்பேக்கர்' என்று சொல்வது இவரைத்தான்; டவுன் என்றால் முயற்சி. கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டர் என்று நாம் சொல்லும்போது, இரண்டு திறமையை ஒரே சட்டைக்குள் கூட்டிப் போட்ட ஆளை நினைக்கிறோம். இங்கே கணக்கு கொஞ்சம் வேறு. பலதிறமை உள்ள லைன்பேக்கரின் மதிப்பு அவர் செய்கிற வேலைகளின் கூட்டுத்தொகையில் மட்டும் இல்லை. அவர் களத்தில் நிற்பதாலேயே எதிரணியின் கையிலிருந்து ஒரு ஆயுதம் பறிபோகிறது.

சான் பிரான்சிஸ்கோ ரசிகர்களுக்கு இதெல்லாம் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள், பார்த்ததைப் பறிகொடுத்தும் இருந்தவர்கள். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2007-ல் முதல் சுற்றில் 11-வது ஆளாக வந்த பாட்ரிக் வில்லிஸ், 2010-ல் மூன்றாவது சுற்றில் வந்த நவோரோ போமன் என்று ஒரு ஜோடி இருந்தது. இருவரும் ஓட்டத்தையும் அடித்தார்கள், பாஸையும் துரத்தினார்கள். 2011 முதல் 2013 வரை மூன்று சீசன்களிலும் அணி தன் கான்ஃபரன்ஸின், அதாவது லீக்கின் இரண்டு பாதிகளில் தன் பாதியின், இறுதி ஆட்டம் வரை போனது. அதில் ஒருமுறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கும் போய், 2013 பிப்ரவரியில் பால்டிமோரிடம் 34-31 என்று தோற்றது. அப்புறம் 2014 ஜனவரி 19, அதே சியாட்டிலில், கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். பந்தைப் பறித்துக் கையில் இறுக்கிக்கொண்டு விழுந்த போமனின் முழங்கால் மடங்கிப்போனது. அந்தக் காட்சியை இரண்டாவது தடவை பார்க்க மனம் வராது. வலியில் அவர் துடிக்க, பந்து சீஹாக்ஸுக்கே என்று தீர்ப்பானது.

போமன் ஒரு முழு சீசனைக் காயத்தில் கழித்தார். அவர் இல்லாத 2014-ல் கிறிஸ் போர்லண்ட் என்ற புதுமுகம் வந்து அமர்க்களப்படுத்தினார். ரசிகர்கள் மூச்சு விட்டார்கள். 2015 மார்ச்சில், கால் காயங்களால் தேய்ந்துபோன வில்லிஸ் 30 வயதில் ஓய்வை அறிவித்தார். ஒரு வாரம் முடிவதற்குள் போர்லண்டும் விடைபெற்றார். அவருக்கு வயது 24. தலையில் அடிகள் குவிவதால் மூளைக்கு என்ன ஆகும் என்று யோசித்து, ஒரே சீசனோடு ஆட்டத்தையே விட்டுவிட்டார். அது தைரியமான, சரியான முடிவு என்று நான் நம்புகிறேன். ஆனால் ரசிகர்களுக்கு அந்த ஒரு வாரம் ஒரு காலமே முடிந்துபோன மாதிரி இருந்தது. வில்லிஸ் 2024-ல், ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அதற்குள் அவருடைய இடத்துக்கு வாரிசு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

அந்த வாரிசு ஃபிரெட் வார்னர். 2018 டிராஃப்டில் மூன்றாவது சுற்று, 70-வது ஆள். 69 பெயர்கள் போன பிறகுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரிகம் யங் (பி.ஒய்.யு.) பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய இடம் நடுவில் இல்லை. ஓரத்தில், ரிசீவருக்கும் முன்வரிசைக்கும் இடையில் நிற்கிற ஒரு கலவையான இடம். லைன்பேக்கரா, சேஃப்டியா என்று சொல்ல முடியாது. அணிகள் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். நடுவில் நின்று கார்டுகளோடு மோதி ஆடிய அனுபவம் அவருக்குக் குறைவு. நைனர்ஸ் அதே காரணத்துக்காகவே அவரை எடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மோதக் கற்றுக்கொடுக்கலாம், திறந்தவெளியில் ஆளோடு ஓடுகிற கால்களைக் கற்றுக்கொடுக்க முடியாது. அணியின் பொது மேலாளர் ஜான் லிஞ்ச் தானே சேஃப்டியாக ஆடியவர். டாம்பா பே அணியில், பின்னோக்கி ஓடி ஆடுவதில் பெயர்பெற்ற லைன்பேக்கர் டெரிக் புரூக்ஸின் பின்னால் வருடக்கணக்கில் நின்று பார்த்தவர் அவர்.

முதல் வருடமே வார்னரை நடுவில் நிறுத்தினார்கள். அவர் ஹெல்மெட்டின் பின்னால் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். டி.வி.யில் கூர்ந்து பார்த்தால் தெரியும். 2008 முதல் தடுக்கும் அணியில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்த ஆளுக்குத்தான் பச்சைப் புள்ளி. பயிற்சியாளர் சொல்வது அவர் காதில் மட்டும் விழும். அடுத்த ஆட்டத்துக்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது ரேடியோ அறுந்துவிடும். அதற்கு மேல் அவர் தானாகத்தான் பார்த்து, மற்ற பத்து பேருக்கும் கத்திச் சொல்லி, கை காட்டி நகர்த்தி, மாற்ற வேண்டியதை மாற்ற வேண்டும். களத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி என்றால், அது அடிக்கடி வெளியே போகிற ஆளிடம் இருக்க முடியாது அல்லவா? எல்லா வேலையும் தெரிந்தவர்தான் எப்போதும் களத்தில் இருப்பார். எப்போதும் களத்தில் இருப்பவர்தான் தலைவராக முடியும். வார்னர் தன் முதல் மூன்று சீசன்களிலும் 16 ஆட்டங்கள் வீதம் 48-ஐயும் தொடக்க வரிசையிலேயே ஆடினார்.

கிரீன்லா வந்த கதை இன்னும் அடக்கமானது. ஆர்கன்ஸா பல்கலைக்கழகம், 2019 டிராஃப்ட், ஐந்தாவது சுற்று, 148-வது ஆள். பள்ளியில் இவரும் சேஃப்டியாக ஆடியவர்தான். அந்த வருடம் அணி பெரிய தொகை கொடுத்து குவான் அலெக்ஸாண்டரைக் கூட்டி வந்திருந்தது. கிரீன்லா மூன்றாவது லைன்பேக்கர், அதாவது நிக்கல் என்றதும் வெளியே போகிற ஆள். அக்டோபர் 31 அன்று அரிசோனாவில் அலெக்ஸாண்டரின் மார்புத் தசை கிழிந்தது. மறுநாளிலிருந்து கிரீன்லாவின் வேலை மாறிப்போனது. இப்போது அவர் வெளியே வரக்கூடாத ஆள்.

அடுத்த பத்து நாளில் நவம்பர் 11, சீஹாக்ஸோடு திங்கள் இரவு ஆட்டம். எட்டு வெற்றிகளோடு தோல்வியே இல்லாமல் இருந்தது நைனர்ஸ். கூடுதல் நேரத்தில் வில்சன் எறிந்த பந்தைக் கிரீன்லா பறித்துக்கொண்டு ஓடினார். அதில் கிடைத்த வாய்ப்பில், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கிற ஃபீல்டு கோல் தவறிப்போக, ஆட்டம் 27-24 என்று கைவிட்டுப் போனது. தோற்ற ஆட்டம்தான். ஆனாலும் ஐந்தாவது சுற்றுப் பையன் ஒருவன் ரஸ்ஸல் வில்சனின் கண்ணைப் படித்துப் பந்தைப் பறித்தான் என்ற செய்தி ரசிகர்கள் மனதில் உட்கார்ந்துவிட்டது. ஏழு வாரம் கழித்து அதே வில்சனுக்கு எதிராக, அதே பையன், கோட்டுக்கு முன்னால் சில அங்குலத்தில். 'பிக் பிளே டிரே' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. முந்தைய வருடம் 4 வெற்றி 12 தோல்வி என்றிருந்த அணி 13-3 என்று முடித்தது.

இந்தக் கூட்டத்தில் மூன்றாவதாக ஒருவரையும் சொல்லியாக வேண்டும். அஸீஸ் அல்-ஷாயிர். 2019 டிராஃப்டில் அவரை யாருமே எடுக்கவில்லை. சிறுவயதில் வீடில்லாமல் இருந்த காலத்தையும் கடந்து வந்தவர். நைனர்ஸில் மூன்றாவது ஆளாக இருந்து, மற்ற இருவரில் யாருக்கு அடிபட்டாலும் அந்த இடத்தில் நின்றார். பிறகு வேறு அணிகளில் முதல்நிலை ஆளானார். 70-வது ஆள், 148-வது ஆள், யாருமே எடுக்காத ஆள் என்று மூவரும் வந்த வழியைப் பார்த்தால், இவர்களை வளர்த்தது யார் என்ற கேள்வி தானாகவே வரும்.

ஒரு பதில் டிமெக்கோ ரையன்ஸ். 2006-ல் ஹூஸ்டனுக்கு ஆட வந்து, அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கிய லைன்பேக்கர். 2018 முதல் இந்த அணியின் லைன்பேக்கர்களுக்குப் பயிற்சியாளர், 2021-22-ல் மொத்தத் தடுப்பாட்டத்துக்கும் பொறுப்பாளர். 2022 சீசனில் எதிரணிகளுக்கு மிகக் குறைவான புள்ளிகளையும் மிகக் குறைவான யார்டுகளையும் கொடுத்த அணி நைனர்ஸ்தான். அதன் பலனாக அவர் ஹூஸ்டனின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். ஒரு வருடம் கழித்து அல்-ஷாயிரையும் அங்கே வரவழைத்துக்கொண்டார்.

இன்னொரு பதிலை ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷானஹன் தாக்குதல் ஆட்டத்தில் ஊறியவர். லைன்பேக்கர்களை ஏமாற்றுவதையே ஒரு கலையாக வளர்த்தவர். ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்களைக் குறுக்கும் நெடுக்கும் ஓடவிடுவார். ஓட்டம்போலவே தொடங்கிப் பாஸாக முடியும். வழக்கமாக ஓட்டக்காரருக்கு வழிவிடுவதற்காக மோதுகிற ஃபுல்பேக் இடத்தில் நின்றாலும் பாஸ் பிடிக்கத் தெரிந்த கைல் யூஸெக், முட்டி மோதவும் தெரிந்து பறந்து பிடிக்கவும் தெரிந்த டைட் எண்ட் ஜார்ஜ் கிட்டில் என்று அவரிடம் இருப்பவர்கள் எல்லாம் எந்தப் பக்கம் என்று கணிக்க முடியாதவர்கள். இந்தத் தாக்குதலை வருடம் முழுக்கப் பயிற்சிக் களத்தில் எதிர்கொண்டவர்கள் வார்னரும் கிரீன்லாவும். வீட்டிலேயே இப்படி ஒரு வாத்தியார் இருந்தால், வெளியே யார் வந்து ஏமாற்றப் போகிறார்கள்?

இதெல்லாம் களத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு ஆட்டம் போதும். 2023 ஜனவரி 22, பிளே ஆஃப், டாலஸ் கௌபாய்ஸ் எதிரணி. டாலஸின் சிறந்த ரிசீவர் சீடி லாம்ப் உள்பக்கமாக நின்று, நடுக்களத்தின் வழியே நேராகப் பின்னோக்கி ஓடினார். அவரைத் துரத்த வேண்டிய பொறுப்பு வார்னருக்கு. 6 அடி 3 அங்குலம், 230 பவுண்டு எடையுள்ள ஒரு லைன்பேக்கர், லீக்கின் சிறந்த ரிசீவர்களில் ஒருவரோடு ஆழமாக ஓடுவது என்பது எந்தத் தாக்குதல் பயிற்சியாளரும் கனவு காண்கிற வாய்ப்பு. வார்னர் இடுப்பைத் திருப்பி, லாம்போடு தோளுக்குத் தோள் ஓடினார். பந்து பலிக்கவில்லை. அந்த ஆட்டத்திலேயே, சகவீரர் ஜிம்மி வார்டு தட்டிவிட்ட ஒரு பந்தையும் காற்றில் பறித்தார். நைனர்ஸ் 19-12 என்று ஜெயித்தது.

லாம்போடு அந்த ஓட்டத்துக்கு டேக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்துச் சாய்த்த கணக்கில் இடமில்லை. அங்கேதான் லைன்பேக்கரை அளப்பதில் உள்ள கஷ்டம் இருக்கிறது. டேக்கிள் எண்ணிக்கை ஏமாற்றும். ஓட்டக்காரர் 8 யார்டு போன பிறகு பிடித்தாலும் அது ஒரு டேக்கிள்தான். பந்து கிளம்பிய கோட்டிலேயே நிறுத்தினாலும் ஒரு டேக்கிள்தான். குவார்ட்டர்பேக் நடுவில் எறிய நினைத்து, அங்கே வார்னரின் 54-ம் எண் சட்டை நிற்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினால், அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. வார்னர் முதல் இரண்டு சீசன்களில், லீக்கின் நட்சத்திரங்களைக் கூட்டுகிற ப்ரோ பவுலுக்குத் தேர்வாகவில்லை. 2020-ல்தான், ஒவ்வொரு இடத்துக்கும் அந்த வருடத்தின் சிறந்தவர்களைப் பட்டியலிடும் ஆல் ப்ரோ முதல் அணியில் இடம் கிடைத்தது. அப்புறம் 2022, 2023, 2024 என்று வரிசையாக. கிரீன்லாவுக்கோ, நைனர்ஸில் ஆடிய ஆண்டுகளில் ப்ரோ பவுல் ஒருமுறைகூட வாய்க்கவில்லை. ரசிகர்கள் மட்டும் விருதுக்குக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பந்து எங்கே போனாலும் அந்த இரண்டு சட்டைகளும் அங்கே இருந்ததைப் பார்த்தார்கள். 'சைட்லைன் டு சைட்லைன்' என்று அவர்கள் சொல்வது அதைத்தான்: களத்தின் அகலம் 53 யார்டுக்குக் கொஞ்சம் அதிகம், அதன் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இவர் கை எட்டும் என்று.

கிரீன்லாவின் சூடு சில சமயம் எல்லை மீறியதும் உண்டு. 2022-ல் சார்ஜர்ஸ் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் மீது மோதியதற்காக வெளியேற்றப்பட்டார். 2023 டிசம்பரில் பிலடெல்பியாவில், எதிரணியின் பாதுகாப்பு அதிகாரியோடு களத்தின் ஓரத்தில் மல்லுக்கு நின்று மறுபடி வெளியேற்றம். ரசிகர்கள் அதையும் சேர்த்தே நேசித்தார்கள். எனக்கு அந்த முதல் மோதல் உறுத்துகிறது. ஆனால் அடுத்த மாதமே, 2024 ஜனவரியில் கிரீன் பே அணிக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டத்தில் இரண்டு பந்துகளைப் பறித்தார். இரண்டாவது பறிப்புதான் 24-21 வெற்றியை உறுதி செய்தது.

இத்தனைக்கும் லீக்கின் சந்தையில் லைன்பேக்கருக்குப் பெரிய விலை இல்லை. குவார்ட்டர்பேக், அவர் மீது பாய்கிறவர், அவரைக் காப்பவர், பந்து பிடிப்பவர் என்று பணம் வேறு பக்கம் போகிறது. 2021-ல் வார்னருக்கு ஐந்து வருடத்துக்கு 95 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தபோது, நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை அது. 2025-ல் இன்னொரு நீட்டிப்பு, வருடத்துக்கு 21 மில்லியன். ஒருவருக்கு இவ்வளவு கொடுத்தால் பக்கத்தில் நிற்கும் இன்னொருவருக்கும் கொடுப்பது கடினம். அந்தக் கணக்கின் வலியை ரசிகர்கள் 2025 மார்ச்சில் உணர்ந்தார்கள். கிரீன்லா டென்வருக்குப் போனார்.

இரண்டாவது லைன்பேக்கரின் மதிப்பு என்ன என்பதை அதற்கு முன்பே ஒரு ஆட்டம் காட்டியிருந்தது. 2024 பிப்ரவரி 11, லாஸ் வேகாஸ், கேன்ஸஸ் சிட்டி சீஃப்ஸோடு சூப்பர் பவுல். நான்கு வருடம் முன்னால் இதே சீஃப்ஸோடு ஆடிய சூப்பர் பவுலில், மூன்றாவது கால்பகுதியில் வார்னர் பாட்ரிக் மஹோம்ஸின் பந்தைப் பறித்தார், அணி 20-10 என்று முன்னிலை பெற்றது, கடைசியில் 31-20 என்று தோற்றது. அந்தக் கடனைத் தீர்க்கும் நாள் இது. இரண்டாவது கால்பகுதியில், தடுக்கும் அணி களத்துக்குத் திரும்ப வேண்டிய நேரம். ஓரத்தில் நின்ற கிரீன்லா உற்சாகத்தில் குதித்து, களத்துக்குள் ஓட ஒரு அடி எடுத்து வைத்தார். யாரும் அவரைத் தொடவில்லை. குதிகால் தசைநாண் அறுந்து சரிந்தார்.

டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி முதல் பாதியில் பிடித்தது ஒரே ஒரு பந்து, கிடைத்தது ஒரே ஒரு யார்டு. ஆட்டம் முடியும்போது அவர் கணக்கில் 9 பந்துகள், 93 யார்டு. கிரீன்லா இருந்திருந்தால் அத்தனையும் நடந்திருக்காது என்று சொல்வது நியாயமாகாது. இடைவேளையில் சீஃப்ஸ் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்கள், மஹோம்ஸ் எதிரே இருந்தார். ஆனால் நடுக்களத்தில் இரண்டு பக்கமும் அடைத்திருந்த கதவுகளில் ஒன்று திறந்துகொண்டது என்பதைப் பார்த்த எல்லோரும் பார்த்தார்கள். கூடுதல் நேரத்தில் 25-22 என்று சீஃப்ஸ் ஜெயித்தது.

பத்து மாதம் கழித்து, 2024 டிசம்பர் 12, வியாழன் இரவு, சான்ட்டா கிளாராவில் லீவைஸ் ஸ்டேடியம். மழை. அணிக்கு மோசமான சீசன், எதிரே லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ். காயத்துக்குப் பிறகு கிரீன்லா ஆடும் முதல் ஆட்டம். பந்து எங்கே போனாலும் அங்கே போனார், ஓடி வந்தவர்களை ஈரத் தரையில் சாய்த்தார். ஒவ்வொரு தடவையும் மைதானம் ஆரவாரித்தது. இரண்டாவது பாதியில் கால் இறுக்கம் தாங்காமல் வெளியே போக வேண்டி வந்தது. எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோகிற டச் டவுன் ஒன்றுகூட இல்லாமல் ஆட்டம் 12-6 என்று ராம்ஸுக்குப் போனது. ஆனால் அந்த முதல் பாதி முழுக்க, மழைக்குள், 54-ம் 57-ம் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தன.